சொல்தா வீட்டு மரமும் சொட்டு சாரும்

புதுச்சேரியில் பொய் சொல்லவே வராத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் வேறெங்கும் போகாமல் எங்கள் காம்பவுண்டில் வந்து குடியேறினார். அதனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் சாரம் பகுதியில், சொல்தா வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். சொல்தா என்றால் எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். மாடிக்குக் குடிவந்தவர்தான் சொட்டு சார். மரம் வெட்டிய காட்டிலும் வெட்டாத காட்டிலும் மழைத் தண்ணீர் என்ன ஆகிறது என்று ஆராய்வது அவர் உத்தியோகம். ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் போய் நனைவார். ஐப்பசியில் இங்கே வந்து எங்களோடு நனைவார்.

வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். வந்த வாரமே ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து, அடிமரத்தைச் சுற்றிக் கட்டி, அதன் நுனியில் ஒரு கேனை வைத்தார். கிளைகளுக்குக் கீழே வரிசையாகப் புனல்கள். மரத்தில் விழும் மழையில் எவ்வளவு அடிமரம் வழியாக வழிகிறது, எவ்வளவு இலையிலிருந்து சொட்டுகிறது என்று அளக்கிறாராம். சில நாளில் குழாய்க்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு செல்வியக்கா, குழந்தைக்கு ஜுரம் என்று கேனையே தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"ஜுரத்துக்கு ஆகாதுங்க. காக்கா எச்சம் கலந்திருக்கு" என்றார் சொட்டு சார். அக்கா கேனை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த எச்சம் மண்ணுக்கு எப்படி உரமாகிறது என்று அடுத்த அரை மணி நேரம் அவர் விளக்கியதைக் கேட்டவர் மரத்தடி இஸ்திரி வண்டி மணியண்ணன் மட்டும்தான். வண்டியை விட்டு ஓட அவருக்கு வழியில்லை.

சாரின் பேச்சே அப்படித்தான். முதல் வாக்கியத்தில் நமக்குப் பிடிக்காத உண்மை இருக்கும். விஷயமெல்லாம் அதற்கப்புறம் வரும் அரை மணியில் இருக்கும். மழை வருமா என்று கேட்டால் தெரியாது என்பார். கேட்டவர் தெருமுனை திரும்பும்போது இவர் மேகத்தை விளக்கிக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில் சொல்தாவின் மகன் பாரீசிலிருந்து குடும்பத்தோடு திரும்புவதாகத் தகவல் வந்தது. மரத்தை எடுத்துவிட்டு இரண்டு அறை கட்டுவதென்று சொல்தா முடிவு செய்தார். மணியண்ணனுக்கு அந்த நிழல்தான் கடை. எங்களுக்கு அதுதான் மின்விசிறி. சொட்டு சார் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். மரத்தை வெட்டினால் மழை குறைந்துவிடும் என்று படித்தவர் வாயால் சொல்லவைத்தால் சொல்தா பயந்துவிடுவார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும் என்று சாருக்கு நான் ஒத்திகையே பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் நாற்காலி போட்டோம். யாரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றே கூப்பிடும் சொல்தா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"முசியே, இத வெட்டுனா மழை கொறையுமா?"

சார் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"கொறையாது."

சொல்தா "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். "ஒரு மரத்தால கொறையாதுங்க, ஆனா..." என்று சார் காலி நாற்காலியிடம் தொடர்ந்தார். மணியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

வெட்டுகிற அன்று சாரே வந்து குழாயை அவிழ்த்தார். அதைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பொய் சொல்லியிருந்தா நின்னிருக்கும் இல்ல?"

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. நின்றிருக்கும் என்றுதான் சொன்னேன்.

"அப்புறம் காட்டப் பத்தி நான் சொல்றத யாரு நம்புவாங்க?" என்று மாடியேறிவிட்டார்.

அறைகள் எழும்பின. மிச்சமிருந்த மண்ணுக்கும் சொல்தா சிமென்ட் போட்டார். ஐப்பசி மழை, சார் சொன்னபடியே, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. மொத்தமும் நேராகப் புது அறைக்குள் போனது. மகனுக்கு முன்னாலேயே வந்து இறங்கியிருந்த அவன் பெட்டிகள் மிதந்தன. வாளியோடு முதலில் ஓடியவர் சொட்டு சார். சொல்தா கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கே சொல்லக்கூடாதா முசியே?"

"சொன்னேங்க. நீங்க எழுந்து போயிட்டீங்க."

சொல்தா சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க. எங்க போறது நானு?"

தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே சார் சொன்னார். முன்பு மழை இலையில் விழுந்து, நிதானமாக இறங்கி, மண்ணுக்குள் போனது. இப்போது அதற்கு நிற்கவும் இடமில்லை, உள்ளே போகவும் வழியில்லை. காட்டிலும் இதே கதைதான். லாரியும் வெட்டி இழுத்துப் போகும் மரங்களும் மண்ணை இறுக்கிவிட்டால், மழையன்று ஓடை செம்மண்ணாய்ப் பொங்கும், கோடையில் காய்ந்து கிடக்கும். மலை மலையாக மொட்டையடித்தால் அப்போது மழையே குறையலாம். மரங்கள் மூச்சாய் விடும் ஈரமும் சேர்ந்துதான் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு மேகமாகப் போகிறது. முழுசாக அரை மணி நேரம் பேசினார். சொல்தா கடைசிவரை கேட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் சொல்தா வாசல் சிமென்ட்டைப் பெயர்த்து ஒரு தூங்குமூஞ்சிக் கன்றை நட்டார். விரல் தடிமன்கூட இல்லை. மறுவருஷம் மாற்றலாகிப் போனபோது சொட்டு சார் அந்தக் குழாயை சொல்தாவிடம் கொடுத்து, மரம் தேறியதும் சுற்றிவிடச் சொன்னார்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது மழையில் மாட்டிக்கொண்டு அந்த மரத்தடியில் ஒதுங்கினேன். அடிமரத்தில் குழாய் இருந்தது. அதன்மேல் மஞ்சள் குங்குமமும் இருந்தது. சாரின் நினைவு வந்தது. மழை விட்டு, வெயிலும் வந்துவிட்டது. மரம் மட்டும் இன்னும் அரை மணி நேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் கிளம்பவில்லை. கடைசிவரை நின்று கேட்டேன்.