விண்ணரசி டீச்சரின் சைலன்சர்

விண்ணரசி டீச்சர் குட்டி இன்ஜினின் முனையில் இருந்த காத்தாடியை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தார். சட்டென்று இன்ஜின் பிடித்துக்கொண்டு அலறியது. நீலப்புகை கொட்டகையை நிறைத்து, மதிலைத் தாண்டி மேலே போனது. அது அடங்குவதற்குள் வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு அரங்கநாதன் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"டீச்சர், இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டுங்க. தெருவுல மனுசன் குடியிருக்க வேணாமா?"

டீச்சருக்குக் கூசிப்போனது. பெரம்பலூர் ஐ.டி.ஐ.யில் பிள்ளைகளுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்னால் கொட்டகை இருக்கிறது என்பதற்காகவே உடையார்பாளையத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தெருவில் பார்த்தால் சிரிப்பார்கள். அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மற்றவர்களோடு சேர்ந்து செபம் சொல்லும்போதுதான் தன் குரல் இப்படி இருக்கும் என்பதே அவருக்கு ஞாபகம் வரும்.

துணை என்று இருந்தவை அந்த இன்ஜின்கள்தான். என்.சி.சி. மாணவர்கள் ஒரு காலத்தில் மாதிரி விமானங்களில் பொருத்திப் பறக்கவிட்டு, பிறகு பழசு என்று கழித்துப்போட்டவை. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றினால் ஓடும். டீச்சரிடம் விமானம் ஒன்றுகூட இல்லை. பறக்கவிட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. செத்துக் கிடந்த ஒன்று தன் விரல் பட்டு உயிர் பெற்றுக் கத்துவது அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து இன்ஜினுக்கு சைலன்சரும் கிடையாது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் கிடையாது. ஓடினால் முழு வேகம், எண்ணெய் தீர்ந்தால் நிறுத்தம்.

டீச்சர் கொட்டகையில் இருந்த சின்ன லேத்தில் அலுமினியத் துண்டைக் கடைந்து கட்டைவிரல் அளவில் ஒரு சைலன்சர் செய்து மாட்டினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் புகையும் எண்ணெயும் அதற்குள்ளேயே தேங்கி இன்ஜின் கொதித்தது. போக வழி வேண்டுமே என்று சைலன்சரில் ஒரு குழாயைச் செருகி, கொட்டகைக் கூரைக்கு வெளியே நீட்டிவிட்டார். மறுநாள் புகை கூரைக்கு மேல் கொடி மாதிரி எழுந்து நின்றது.

அரங்கநாதன் முன்பைவிடச் சீக்கிரமாக வந்து சேர்ந்தார். இந்த முறை வாசலோடு நிற்கவில்லை. கொட்டகைக்குள்ளேயே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நேத்தைக்கு இன்னைக்கு கூடிப்போச்சு டீச்சர். காதைப் பொளக்குது."

பாதியாகக் குறைத்திருக்கிறேனே என்று டீச்சர் விளக்கிச் சொன்னார். அவரோ, தான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாறை எப்படிக் கவிழ்ந்தது என்ற கதையை ஆரம்பித்தார். அடுத்தவர் சொல்வதைக் காதிலேயே வாங்காத மனிதர் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். டீயை நீட்டினார். அதை மட்டும் உடனே வாங்கிக்கொண்டார்.

முழு வேகத்தில் ஓடுவதுதான் தொந்தரவு என்று டீச்சர் அடுத்ததாக த்ராட்டில் செய்ய இறங்கினார். காற்று போகும் வழியில் துளையிட்ட ஒரு சிறு உருளையை வைத்தார். அதைத் திருப்பினால் துளை சுருங்கி வேகம் குறையும். ஒரு வாரம் கண் வலிக்க வலிக்கக் கடைந்தார். இன்ஜின் முதன்முறையாக நிதானமாக, முணுமுணுப்பது போல ஓடியது. தையல் மெஷின்கூட அதைவிடச் சத்தம் போடும்.

ஆனால் மெதுவாக ஓடியதால் எண்ணெய் சீக்கிரம் தீரவில்லை. புகையும் நீண்ட நேரம் வந்தது. அரங்கநாதனும் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்துபோனது, மகன் சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, முந்திரிக்காட்டில் பாம்பைப் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எழும்போது மறக்காமல் சொன்னார்.

"இப்புடியே போனா எனக்கு நெஞ்சு வலி வந்துரும். பாத்துக்குங்க."

இவருக்கு உண்மையிலேயே சத்தம்தான் தொந்தரவா என்று அன்று டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் சைலன்சருக்குள் இரும்பு நாரைத் திணித்து, கொட்டகைக் கதவையும் சாத்திவிட்டு ஓட்டினார். வாசலில் போய் நின்று கேட்டுப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. தெருவில் நாய் கொட்டாவி விட்டதுகூடக் கேட்டது. நிம்மதியாகத் திரும்பினால், அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தான் டீச்சர் ரொம்ப மோசம்."

டீச்சருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவருக்குச் சத்தத்தைப் பிடிக்காமல் இல்லை, தன்னைத்தான் பிடிக்கவில்லை. தனியாக இருக்கிற ஒரு பொம்பளை தெருவுக்கு வந்ததே பிடிக்கவில்லை. இத்தனை நாளாகக் கடைந்து கடைந்து குறைத்ததெல்லாம் வீண். அவருக்கு டீயைக் கொடுத்தார். அவர் கிளம்பியதும் லப்பைக்குடிக்காட்டில் இருக்கும் ஹஸ்ஸானுக்குப் போன் போட்டார். துபாயிலிருந்து திரும்பியவர், பழைய இன்ஜின்களைச் சேர்ப்பவர். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார் டீச்சர். ஹஸ்ஸான் இரண்டு தடவை நிஜமாகவா என்று கேட்டார்.

இன்ஜின்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய பனியன் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தார். கொட்டகை வெறிச்சென்று இருந்தது.

விளக்கு வைத்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போனார். சண்டை போட அல்ல. சொல்லிவிட்டு வந்தால் போதும் என்றுதான். அரங்கநாதன் உள்ளே படுத்திருந்தார். மருமகள் மேகலா அப்போதுதான் அரியலூரில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் பையோடு கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

டீச்சர் உட்காரவில்லை. ஒப்பித்து வைத்திருந்ததைச் சொன்னார். "நாளைக்கு எல்லா இன்ஜினையும் குடுத்துடுறேம்மா. இனிமே உங்க மாமாவுக்கு எந்தச் சத்தமும் தொந்தரவா இருக்காது. இத்தன நாள் அவரு பொறுத்துக்கிட்டதே பெருசுன்னு சொல்லிடு."

மேகலா பையைக் கீழே வைக்க மறந்து அவரையே பார்த்தாள்.

"சத்தமா? சொரங்கத்து வெடியில மாமாவுக்கு ரெண்டு காதும் சுத்தமா போயி, நான் கல்யாணமாயி வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே ஒண்ணும் கேக்காதுங்களே டீச்சர், காலையில எந்திரிச்சதுமே உங்க வூட்டுப் பக்கம் பொகை வருதான்னு பாத்துக்கிட்டுல்ல உக்காந்திருப்பாரு."