பதினேழு அங்குலத் திட்டம்

இந்த வருஷம் மாமியார் வீட்டில் பாடுவதில்லை என்று ரெயால் துப்பே முடிவு செய்தார். முடிவு செய்தது மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷம்தானே ஆகிறது.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கியூபெக் நகரத்திலிருந்து வண்டியை எடுத்து, மரமும் பனியும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத வனப்பூங்காச் சாலையில் இரண்டரை மணி நேரம் ஓட்டி, ஷிக்கூத்திமிக்குப் போக வேண்டும். அங்கே மாமியார் அல்போன்சின் அம்மாளின் நள்ளிரவு விருந்து. சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர் சுடும் தூர்த்தியேர் என்ற இறைச்சி அடையைப் பிளந்தால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஆவி பறக்க வெளியே வரும். ஆபத்தெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

பெரியப்பா ஒருவர் அக்கார்டியனைத் தூக்குவார். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். "மாப்பிள்ளை பாடட்டும்" என்பார் மாமியார். ரெயாலுக்குக் குரலும் கிடையாது, தாளமும் கிடையாது, வரியும் மண்டையில் நிற்காது. தப்பினால் மாமியார் கரண்டியால் மேசையைத் தட்டி "முதல்லேருந்து" என்பார். போன வருஷம் முதல்லேருந்து, முதல்லேருந்து என்றே போய் நண்டு சிண்டெல்லாம் அழுதுவிட்டன. ஒருவழியாகப் படுக்கப் போனால், வந்தவர்களின் கோட்டுகள் அத்தனையும் அவர் கட்டில்மேல் மலையாகக் கிடந்தன. ரெயால் அந்த மலைக்கு அடியில் புகுந்துகொண்டு தானும் கொஞ்சம் அழுதார்.

இதில் கடவுள் செய்த ஒரே உபகாரம், அல்போன்சின் அம்மாள் இங்கே வர முடியாது என்பது. அவரிடம் வண்டி உண்டு. இருக்கை சூடாகும் வசதிக்குக்கூடக் காசு தர மாட்டேன் என்று சண்டை பிடித்து வாங்கிய வண்டி. ஆனால் குளிர்கால டயர் கிடையாது. "தனிக்கட்டைக்கு எதுக்கு டயர்? யாராவது வாங்கிக் குடுத்தாப் போட்டுக்கிறேன்" என்பார். யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. டிசம்பர் பிறந்தால் குளிர்கால டயர் இல்லாத வண்டி தெருவில் ஓடக் கூடாது என்பது சட்டம். ஆகவே அது கொட்டகைக்குள் போனால் பனி உருகிய பிறகுதான் வெளியே வரும். அதுவரை ரெயால் தன் வீட்டில் ராஜா. ஹாக்கி பார்க்கும் சாய்வு நாற்காலி அவருடையது, பீர் அவருடையது, நிம்மதி அவருடையது.

அந்த ஒற்றை ராத்திரியையும் கழித்துவிட்டால் குளிர்காலம் முழுக்கவே சொர்க்கம் என்று தோன்றியது பாருங்கள், அதுதான் பேராசை.

அக்டோபரில் வழி பிறந்தது. மனைவி மார்செலின், கேரேஜில் அடுக்கியிருந்த பழைய குளிர்கால டயர்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, டயரெல்லாம் உங்க தலை மாதிரி ஆயிடுச்சு."

"ஏன், என் தலைக்கு என்ன?"

"அதுலயும் பிடிமானம் இல்ல, இதுலயும் பிடிமானம் இல்ல. புதுசா நாலு வாங்கணும். இந்தத் தடவை நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

ரெயாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் அவர் சொந்தப் பொறுப்பில் வாங்க அனுமதி பெற்ற பொருள் பல்குத்தும் குச்சி ஒன்றுதான்.

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா? அளவு மட்டும் பாத்து வாங்குங்க. நம்ம வண்டிக்குக் கடைசியில பதினெட்டுன்னு போட்டிருக்கணும். சக்கரத்தோட அளவு அது. இதே வண்டியில மட்டமான மாடலுக்குப் பதினேழு வரும். அதை வாங்கித் தொலைச்சுடாதீங்க."

"வாங்கினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், ரிம்ல மாட்டாது. வண்டி வாசல்லயே நிக்கும். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கு எப்படிப் போறதாம்?"

ரெயால் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இரு இரு. எது வாங்கக் கூடாதுன்னு இன்னொரு தடவை சொல்லு."

"எரநூத்து முப்பத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினேழு. திருப்பிச் சொல்லுங்க."

"எரநூத்து முப்பத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினேழு."

"அது வேண்டாம்."

"வேண்டவே வேண்டாம்."

பாட்டு வரி ஒன்றுகூட நிற்காத மண்டையில் அந்த எண் மட்டும் ஆணி அடித்ததுபோல் நின்றது.

முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடையில் ஊரே திரண்டிருந்தது. "தள்ளுபடி. திருப்பி எடுக்க மாட்டோம்" என்று பலகை தொங்கிய மூலையை ரெயால் தேடிக் கண்டுபிடித்தார். மற்றவர்கள் பயந்து ஒதுங்கும் பலகை அது. அவருக்கோ அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது.

அளவைக் கேட்ட கடைக்காரப் பெண் ரசீது போடுமுன் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, வண்டிக் கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாத்தீங்களா? அளவு அதுலதான் இருக்கும்."

"பாத்தேம்மா."

"இந்த வண்டியில நிறையப் பேருக்குப் பதினெட்டு வரும். அப்புறம் வந்து கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன். எங்க வீட்ல கத்துற வேலை என்னுது இல்ல."

வண்டி பழுது பார்க்கும் ஜில்பேரின் கேரேஜில் எல்லாம் கச்சிதமாக நடந்தது. ஜில்பேர் டயரைப் பார்த்தான், ரிம்மைப் பார்த்தான், ரெயாலைப் பார்த்தான்.

"இது மாட்டாதே துப்பே சார்."

"மாட்டாதா?" என்று ரெயால் நெஞ்சில் கைவைத்தார். வண்டிக் கண்ணாடியில் பார்த்துப் பழகி வைத்திருந்த அதிர்ச்சி அது.

"பதினெட்டு வேணும்."

"அது எப்ப வரும்?"

ஜில்பேர் துணியில் கையை ரொம்ப நேரம் துடைத்தான். "ஜனவரி ஆயிடும் சார்."

ரெயாலுக்கு அவனுக்குத் தூர்த்தியேர் ஊட்டிவிடலாம்போல இருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மார்செலின், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு."

"பதினேழா?"

"பதினேழு."

வானம் இடிந்து விழும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவளோ பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க. தெரிஞ்சா செஞ்சீங்க? கேரேஜ் ஓரமா அடுக்கி வைங்க" என்றாள். அவ்வளவுதான். ரெயாலுக்கு அன்று ராத்திரி இருப்புக் கொள்ளவில்லை. திட்டு வாங்காமல் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது.

அடுத்த வாரமே மைத்துனன் ஷிக்கூத்திமியிலிருந்து பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். பெயர் கெத்தான். பெயரிலேயே கெத்து. கார், படகு, கல்லீரல், கடவுள், எதைப் பற்றிக் கேட்டாலும் அவனுக்குத் தெரியும்.

"அத்தான், டயர்ல கோட்டை விட்டுட்டீங்களாமே. எங்க ஊர்ல ஒருத்தருக்கு இதே அளவுதான் வேணுமாம். எடுத்துட்டுப் போகட்டா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ." தடயம் வீட்டை விட்டுப் போகிறதே என்ற சந்தோஷத்தில் ரெயால் தானே நான்கையும் தூக்கி ஏற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

டிசம்பர் பிறந்தது. வண்டி வாசலில் பனிக்குவியலாக நின்றது. ரெயால் பேருந்தில் வேலைக்குப் போனார். நிறுத்தத்தில் நிற்கும்போது மீசை உறைந்து, தும்மினால் ஒடிந்துவிடும் என்ற நிலை. காலில் உணர்ச்சி போய், இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு பாட்டுக்காக இத்தனை பாடா என்று மனசு கேட்டது. ஆமாம், அந்தப் பாட்டு அப்படி என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

சாமான் வாங்குவதும் அவர் தலையில்தான் விழுந்தது. பனிச்சறுக்குப் பலகையில் கயிறு கட்டி, மூட்டைகளை ஏற்றி, தெருவோடு இழுத்து வந்தார். பன்றியிறைச்சி, மாவு, உருளைக்கிழங்கு, மறுபடி உருளைக்கிழங்கு.

"மார்செலின், இருக்கிறது ரெண்டு பேர். இதெல்லாம் யாருக்கு?"

"குளிர்காலம் நீளமுங்க" என்றாள் அவள், மாவைப் பிசைந்துகொண்டே.

அம்மா வீட்டுக்குப் போக முடியாத ஏக்கத்தில் சமைத்துத் தள்ளுகிறாள் பாவம் என்று நினைத்தபோது ரெயாலுக்கே லேசாகக் குற்ற உணர்ச்சி வந்தது. ஹாக்கி போட்டதும் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகல். வெளியே பனி கொட்டியது. ரெயால் சாய்வு நாற்காலியில் கம்பளியோடு புதைந்து, பீரைத் திறந்து, முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர்கள் வண்டியைப் போலவே ஒரு வண்டி, அதே சாம்பல் நிறம், அலங்காரம் எதுவும் இல்லாத மட்டமான மாடல், பனியைக் கிழித்துக்கொண்டு ஜம்மென்று வந்து நின்றது. நான்கு டயரும் பளபளவென்று புதுசு. ஓட்டுகிற இருக்கையிலிருந்து அல்போன்சின் அம்மாள் இறங்கினார். பின்னாலேயே கெத்தானின் பிக்கப். அதிலிருந்து பெரியப்பா இறங்கினார். பெரியப்பா கையில் அக்கார்டியன் இருந்தது.

ரெயால் பூசைப் பாத்திரங்களின் பெயரையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லித் திட்டினார். அவர் ஊரில் அதுதான் உச்சக்கட்டத் திட்டு. எல்லாம் வாய்க்குள்தான். பதினேழு அங்குல டயர் கடைசியில் சரியாக மாட்டிவிட்டது. கூடவே அவரும்.

"மாப்பிள்ளை," என்று மாமியார் அவர் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார். கண் கலங்கியிருந்தது. "பெத்த பிள்ளை இத்தனை வருஷத்துல ஒரு டயர் வாங்கிக் குடுக்கல. நீங்க நாலு வாங்கி அனுப்பியிருக்கீங்க. கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

ரெயால் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார். அங்கே தூர்த்தியேர்கள் கூரையைத் தொடுமளவு அடுக்கியிருந்தன.

"நீ என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"நான் என்ன பண்ணேன்? பதினேழு வாங்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"நீ வாங்கச் சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேனா?"

"மாட்டீங்கன்னு தெரியும். அதான் வேண்டாம்னு சொன்னேன்."

ரெயால் சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நம்ம வண்டிக்கு?"

"நம்ம டயர் செப்டம்பர்லயே வாங்கியாச்சு. ஜில்பேர் கேரேஜ்ல கிடக்கு."

"செப்டம்பரா? அவன் ஜனவரின்னு சொன்னானே. நான் ஒரு மாசமா பஸ்ல போய் உறைஞ்சு..."

"டாக்டர் உங்களை நடக்கச் சொன்னாரே. நான் சொன்னா நடப்பீங்களா?"

அவருக்கு நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி. ஹாலுக்குப் போய், குரலை இனிப்பாக்கிக்கொண்டு கேட்டார்.

"அத்தை, எப்ப கிளம்புறீங்க? நாளைக்கா, நாளன்னைக்கா?"

"நாளைக்கா? இந்தப் பனியில அந்தச் சாலைல நான் தனியா திரும்பிப் போறதா? டயர் கழட்டுற காலம் வரட்டும்னு மார்செலின் சொல்லிட்டா. ஏப்ரல் வரைக்கும் இங்கதான் மாப்பிள்ளை."

சொல்லிக்கொண்டே அல்போன்சின் அம்மாள் அவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய கம்பளியை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டார். பெரியப்பா அக்கார்டியனை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கெத்தான் கோட்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு ரெயாலின் படுக்கையறைப் பக்கம் போனான்.

"அந்தக் கரண்டியை எடும்மா" என்றார் மாமியார் மகளிடம். "அளவுல ஒரு நூல்கூடத் தப்பாம டயர் வாங்குற மனுஷன், பாட்டுல மட்டும் எப்படித் தப்புறார்னு பாக்கிறேன்."