வாசலுக்கு வெளியே பிளப்பான்

பனஞ்சாறு நிறைந்த மண்பானை ஒன்றில் ஈஸ்ட் மக்களின் நாடு இருந்தது. கடவுள் அவர்களுக்குத் தந்த உணவு சர்க்கரை. அது இரண்டிரண்டாக ஒட்டியே வரும். ஒட்டிய சர்க்கரை எந்த வீட்டு வாசலிலும் நுழையாது. அதைப் பிளக்கும் நொதியை வெளியுலகப் பண்டிதர்கள் இன்வர்டேஸ் என்பார்கள். நாட்டாருக்கு அது பிளப்பான். பிளப்பான் உள்ளவர்கள் அதை வாசலுக்கு வெளியே மாட்டிவைப்பது வழக்கம். பிளந்ததில் கொஞ்சம் அவர்களுக்கு. மற்றதெல்லாம் சாற்றில் மிதந்து, பிளப்பான் இல்லாத வீடுகளுக்குப் போய்ச் சேரும். யாரும் அதைத் தானம் என்று சொல்லிக்கொண்டதில்லை.

அரசர் நுரைவேந்தர் சபையைக் கூட்டினார்.

"உழைக்காதவன் வாயில் இனிப்பு! இந்த இலவசம் நாட்டைச் சீரழிக்கிறது, மன்னா" என்றார் அமைச்சர் புளிப்பனார்.

இனிப் பிளப்பான்கள் வீட்டுக்குள் மட்டுமே இருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. பிளப்பான் உள்ளே போயிற்று. சர்க்கரை வெளியே வாசலில் முட்டிக்கொண்டு நின்றது.

"வாசல் சிறியது என்று புகார் வருகிறது, மன்னா."

"வாசல்கள் பெரியவை என்று அறிவித்துவிடுங்கள்."

அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் பசிக்கிறது என்பவர் தேசத்துரோகி என்று இன்னோர் ஆணையும் வந்தது.

பிளப்பான் வைத்திருந்த பூவாத்தாளுக்கு அடுத்த வீடு செல்லக்கிளியுடையது. அந்நாட்டில் பிள்ளைகள் தாயின் விலாவில்தான் அரும்பும். செல்லக்கிளியின் விலாவில் அரும்பிய பிள்ளை தெம்பு வந்தால்தான் தனியே பிரியும். அதுவோ சுருங்கிக்கொண்டே வந்தது.

"அக்கா, புள்ள மூச்சு விடுதா?" என்று வாசலில் நின்று கேட்டாள் பூவாத்தாள்.

"விடுது. எவ்வளவு நேரத்துக்கோ. நீ உள்ள போடி, காவக்காரன் பாக்கறான்."

"பாக்கட்டும். அவன் வயித்துல மட்டும் பொங்கலா வெந்துட்டிருக்கு?"

பூவாத்தாள் பிளப்பானை வெளியே மாட்டினாள். காவலன் ஈட்டியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். மிதந்து வந்த சர்க்கரைத் துண்டு ஒன்று அவன் வாய்க்குள் போயிற்று.

"நான் ஒண்ணும் பாக்கல, தாயி" என்று திரும்பி நின்றுகொண்டான்.

அதைக் கண்டு தெருவெங்கும் பிளப்பான்கள் வெளியே வந்தன. பிள்ளை உப்பி, உருண்டு, தாயைவிட்டுப் பிரிந்தது.

"அரமனைப் பக்கமும் மிதந்து போகுதேடி, தடுத்துரலாமா?" என்றாள் செல்லக்கிளி.

"போகட்டும் அக்கா. அங்கயும் வயிறுதானே இருக்கு."

அரண்மனையில் என்றைக்குமே பிளப்பான் இருந்ததில்லை. துவண்டு கிடந்த நுரைவேந்தர் இனிப்பு நாவில் பட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"இது எங்கிருந்து வந்தது?"

"எல்லாம் தங்கள் ஆணையின் பயன், மன்னா."

மகிழ்ந்த மன்னர் 'இனிப்பு வழங்கிய வேந்தர்' என்று தமக்கே பட்டம் சூட்டிக்கொண்டு, அதைத் தெருத்தெருவாக முரசறையக் காவலனை அனுப்பினார். அவன் பூவாத்தாள் வாசலில் முரசை இறக்கிவைத்தான். பிறகு வாயைத் திறந்தான், அறிவிப்பதற்காக அல்ல.