மூக்கை நம்பி ஒரு கேம்பஸ் இண்டர்வியூ

"எனக்கு இந்த இடம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள். நான் அப்படிச் சொன்னவள். அதுவும் எங்களுக்கு வேலை கொடுக்க வந்தவர்களிடம்.

குன்னூருக்கு மேலே இருந்த எங்கள் பல்கலைக்கழகம் வளர்கிற பிள்ளை. விடுமுறைக்குப் போய்த் திரும்பினால் புதிதாக ஒரு கட்டடம் முளைத்திருக்கும். நாங்கள் வகுப்பைத் தேடி அலைவோம். இறுதியாண்டில் எங்களுக்குக் கிடைத்த புது பிளாக்குக்குத் தகரக் கூரைதான், கீழ்த்தளத்தில் எந்நேரமும் கட்டட வேலை இரைச்சல். பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி. மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியாது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, மூக்கு. தேயிலை வாசம் வந்ததும் இடதுபக்கம் திரும்பினால் வகுப்பு. ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த வருஷம்தான் முதன்முதலாக ஒரு கம்பெனி எங்களை இண்டர்வியூ எடுக்க வந்தது. இதை விட்டால் வெறுங்கையோடு மலையிறங்க வேண்டியதுதான். வகுப்பே இரவல் கோட்டில் காத்திருந்தது. வருகிற மேடத்தையும் அவருடைய உதவியாளரையும் கேட்டிலிருந்து அழைத்துவரும் பொறுப்பைக் கையைத் தூக்கி வாங்கிக்கொண்டேன். (யாரும் என்னைக் கேட்கவே இல்லை!)

அவர்கள் வந்தது, முந்தின வாரம் திறந்த புது கேட்டுக்கு. உள்ளே ரோடு தோண்டிக் கிடந்ததால் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். நேரம் பார்த்துப் பனி இறங்கியது.

"வழி தெரியுமாம்மா?" என்றார் மேடம்.

"கண்ண மூடிட்டே போவேனுங்க மேடம்!"

வாசம் வந்தது. கம்பீரமாக இடதுபக்கம் திரும்பினேன். பழைய கேட்டிலிருந்து வந்தால்தான் அந்தக் கணக்கு சரி. புது கேட் ஃபேக்டரிக்கு அந்தப்புறம் இருப்பது மூக்குக்கு எப்படித் தெரியும்? தகரக் கூரை தெரிந்தது, இரைச்சலும் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு, கண்ணாடி முன் பழகிய வரவேற்புரையைத் தொடங்கிவிட்டேன்.

"எங்கள் பல்கலைக்கழகத்தின் இந்தப் புதிய வளாகத்துக்குத் தங்களை வருக வருகவென..."

உள்ளே அக்காமார் தேயிலை சலித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். வாய் நின்றால்தானே! முழுவதும் சொல்லி முடித்தேன். அக்காமார் கைதட்டினார்கள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "ஏனுங்க அம்மணி, ஃபேக்டரி சுத்திப் பாக்க வந்தீங்களா? மொதல்ல டீ குடிங்க."

"இல்லீங்கண்ணா, நாங்க காலேஜுக்கு..."

அதற்குள் குளிரில் நடுங்கிய மேடம் ஒரு கிளாஸை எடுத்துவிட்டார். உதவியாளர் இலை சுருட்டும் இயந்திரத்தை விட்டு நகர்வதாக இல்லை. என் ஒருத்தி வாயால் வகுப்பு முழுக்க வேலை இழக்கப் போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் சூப்பர்வைசரே எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். வாசலில் என் தோழி சபீனா பல்லைக் கடித்தாள். "எங்கடி போய்த் தொலைஞ்சே?"

மேடம் சாயங்காலத்துக்குள் மலையிறங்க வேண்டும். பெயர் வரிசைப்படி வேகவேகமாகக் கூப்பிட்டார்கள். சபீனா உட்படப் பாதி வகுப்புக்கு வேலை கிடைத்தது. ஒரே ஒரு பெயர் மிச்சமிருக்கையில் கார் கிளம்பிவிட்டது. அந்தப் பெயர் யமுனா. நான்தான். சத்தியமாக எனக்கு வருத்தம் வரவில்லை. மற்றவர்கள் தப்பித்தார்களே என்ற நிம்மதிதான்.

மறுநாள் நன்றி சொல்ல ஃபேக்டரிக்குப் போனேன். சூப்பர்வைசர் என்னை மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இந்த அம்மணிதானுங்க. நம்ம ஃபேக்டரி பாக்க வர்றவங்கள இப்படி வாய் நெறைய வாங்கன்னு சொல்ல இங்க ஆளே இல்லீங்களே!"

பரீட்சை முடிந்த கையோடு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான், பார்வையாளர் பிரிவு முழுக்க என் பொறுப்பு. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். காரமடையில் இருக்கும் என் அப்பாதான், வீட்டுக்கு வருகிற ஒருத்தரையும் விடுவதில்லை:

"வேல குடுக்கறவங்கள காலேஜுக்குக் கூட்டிட்டு வாம்மான்னு அனுப்புனாங்க. என்ற புள்ள போற வழியிலயே அவளுக்கு மட்டும் ஒரு வேலய வாங்கிட்டாளுங்க!"