ஏரிக்கரையில் நான் தூவிய உப்பு

நான் செய்த காரியத்துக்காக ஒரு பெண் இரண்டு நாள் திட்டு வாங்கினாள். நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்கள் சிரிக்கலாம்.

தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் என் மகளும் மருமகனும் இருக்கிறார்கள். போன வருடம் அங்கே போயிருந்தேன். பக்கத்து வீட்டு ரெஹேமா அம்மாளின் மகளுக்குக் கல்யாணம். விருந்துக்காக டகா என்னும் பொடிமீனை (நம் நெத்திலிக்குத் தம்பி முறை) வலை கட்டிய பரண்களில் காயப்போட்டிருந்தார்கள். காவலுக்கு, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் ஆஷா.

அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு மீனைக் கடித்துப் பார்த்தேன். உப்பே இல்லை! நானோ கடலூர் மீனவர் வீட்டில் பிறந்து, முப்பது வருடம் வேதியியல் பாடம் நடத்தியவன். உப்பில்லாமல் ஒரு கருவாடா? மகளின் அடுப்படியிலிருந்து மூன்று பாக்கெட் உப்பைக் கொண்டுவந்து, ஒரு மீன் விடாமல் தூவினேன். பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

(அங்கே வெறும் வெயிலில்தான் காயவைப்பார்கள். யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் வாத்தியார் கேள்வி கேட்பது, பதில் தெரிந்தால் மட்டும்தான்.)

சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஒரே கூச்சல். மருமகன் ஓடிவந்தார்.

"மாமா, மீனு பூரா உப்பாயிடுச்சாம். வாயில வெக்க முடியல. ஆஷாதான் பொறாமையில போட்டுட்டான்னு மாமியா கத்துறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே தாய்வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?"

"நான் எதுக்கு மாப்ள அங்க போறேன்? எனக்குதான் முட்டி வலியாச்சே!"

மூன்றாம் நாள் காலை, தலையில் துணிமூட்டையோடு ஆஷா எங்கள் வீட்டுக்கு விடைபெற வந்தாள். கையில் ஒரு சின்னப் புட்டி. மருமகன் சொல்லிக் கேள்விப்பட்டாளாம்; என் முட்டிக்கு எண்ணெயாம்.

அதற்கு மேல் தாங்கவில்லை. மருமகனையும் அவளையும் இழுத்துக்கொண்டு ரெஹேமா அம்மாளிடம் போனேன்.

"உப்பு போட்டது நான்தான்னு சொல்லு மாப்ள."

"எல்லாத்தயுமா சொல்லணும்?"

"முட்டி வலி பொய்யின்னும் சேத்துச் சொல்லு!"

ரெஹேமா அம்மாள் பத்து நிமிடம் பேசினார். "என்னா சொல்றாங்க மாப்ள?"

"திட்டுறாங்க, மாமா."

பேசி முடித்ததும், ஆஷாவின் தலையிலிருந்த மூட்டையை எடுத்து என் தலையில் வைத்தார். நானே அதை வீட்டுக்குள் சுமந்துபோய் வைத்தேன்.

பரிகாரமாக, அத்தனை மீனையும் ஏரித் தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்து அலசி, ஊரிலிருந்து கொண்டுபோன புளியில் குழம்பு வைத்தேன். விருந்தாளிகள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, அவரை விதைக் குழம்புக்கு மாறிவிட்டார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கியவள் ஆஷா ஒருத்திதான்.

அந்த ஊரில் என் பெயர் இன்றைக்கும் 'பாபு சும்வி', அதாவது உப்புத் தாத்தா. இங்கே கடலூரில் நான் அடுப்படிப் பக்கம் போனாலே, "உப்பு டப்பாவ எடுத்து உள்ள வையிங்க, மனுசன் வர்றாரு" என்கிறாள் என் மனைவி.

இப்போது எனக்கு நிஜமாகவே முட்டி வலிக்கிறது. வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. ஆஷா மட்டும் வீடியோ காலில் விசாரிக்கிறாள், எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று.