ஒரு சாப்பாடு மரக்கறி

தேங்காய்ச் சம்பலில் ஒரு பிடி மாசிக் கருவாட்டுத் தூளைத் தூவிப் பிசைந்து முடித்த பிறகுதான், குசினி வாசலில் உசனார் நிற்பதை நஃபீஸா கண்டாள்.

"என்ன புள்ள அது?"

"சம்பல், நானா."

"கொழும்பு டூர் கம்பனிக்காரன் போன்ல சொன்னதச் சொன்னேனே! இண்டைக்கு ஒரு சாப்பாடு சுத்த மரக்கறி எண்டு."

"மரக்கறிதானே? தேங்கா, வெங்காயம், கொச்சிக்கா, தேசிக்கா."

"மாசி?"

"மாசி எப்ப நானா மீனாச்சு? அது உப்புப் புளி மாதிரி ஒரு சாமான்."

அவளைக் குறை சொல்லவும் முடியாது. மாசி போடாததைக் கண்டக்குழிப் பக்கம் யாரும் கறி என்று கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் உசனாருடைய விடுதிக்கு அன்று வந்திறங்கிய ஜேர்மன்காரி, போகிற இடத்துச் சாப்பாட்டையெல்லாம் இன்டர்நெட்டில் எழுதுகிறவள். போன மாதம் வந்த ஒருவர், உறைப்பு தாங்கவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு குறை வந்தால் நீர்கொழும்பிலிருந்து ஷெஃப் ஒருவனைக் கொண்டுவருவேன் என்று உசனார் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் நஃபீஸாவின் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பயத்தில் காலையிலிருந்தே அவளுக்குக் கை ஓடவில்லை.

"அத டிரைவருக்கு வை. வேற ஆக்கு," என்றார் உசனார்.

சம்பல், ஜேர்மன்காரியைக் கூட்டிவந்து வெளிக் கொட்டிலில் இருந்த வேன் டிரைவரிடம் போனது. நஃபீஸா கத்தரிக்காயைப் பொரித்துப் பிரட்டினாள்.

"மாசி இல்லியே?"

"அல்லாஹ்மேல சத்தியமா இல்ல."

உசனார் குனிந்து பார்த்தார். "பிறகு இதுக்குள்ள கண்ணும் மீசையுமாக் கிடக்கிறது என்ன?"

"கூனி இறால். நீங்க மாசிதானே வேணாம் எண்டீங்க?"

உசனார் கதிரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்காயும் டிரைவருக்குப் போனது.

நஃபீஸா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வேதக்கார மக்தலேனா அன்று மாங்காய்க் கறி வைத்திருந்தாள்.

"பயப்பிடாமக் கொண்டு போ மகள். வெள்ளிக்கிழமை நாங்க இறைச்சி தொடுறதில்ல. சுத்தமான சாப்பாடு."

கொண்டுவந்த கறியை உசனார் அகப்பையால் கிளறினார். அடியிலிருந்து நெத்தலிகள் வரிசையாக மேலே வந்தன.

"இறைச்சி இல்லைதானே, நானா," என்றாள் நஃபீஸா.

அதுவும் டிரைவருக்கு. இனி உன்னை நம்பிச் சரிவராது என்று உசனாரே அடுப்படியில் நின்றார்.

"மரவள்ளிய அவி. போஞ்சிய அவி."

"உப்பு?"

"பிரஷர்."

"தேங்காப்பால்?"

"கொழுப்பு. உடம்பப் பாக்கிற ஆக்கள் அதெல்லாம் தொடமாட்டாங்க."

"தூளாவது?"

"வயித்துக்குக் கூடாது."

ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு தட்டைக் கொடுக்கமாட்டார்கள். உசனாரே கொண்டுபோய் வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்து, குசினிக் கதவைச் சாத்தினார்.

"என்ன சொன்னா?"

"தட்டப் பாத்தா. என்னப் பாத்தா. பிறகும் தட்டப் பாத்தா."

இருவரும் கதவில் காதை வைத்தார்கள். வெளியே காற்று மட்டும் இரைந்தது. நீர்கொழும்பு ஷெஃப் பஸ் ஏறிவிட்டதாகவே நஃபீஸாவுக்குத் தோன்றியது.

கதவு தட்டப்பட்டது. டிரைவர் அருள்குமரன், கையில் மரவள்ளித் தட்டு. துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் மரவள்ளி கிடக்கா?"

"யா அல்லாஹ்! அது மேடத்துக்கு வெச்சதெல்லோ!"

"இல்லக்கா, மரக்கறி சொன்னது எனக்கு, உடப்புக் கோயில்ல தீ மிதிக்க விரதம் இருக்கிறன், மேடம் எனக்கு வந்த மூண்டு தட்டையும் வழிச்சுச் சாப்பிட்டுட்டு, ஆக்கின ஆளப் பாக்காமப் போகமாட்டன் எண்டு நிக்கிறா."