சனிக்கிழமைக்கு முன்பதிவு

தம் வீட்டைச் சீர்திருத்தியே தீர்வது என்று மாசிலாமணி முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை இரவு, புளிக்குழம்புக்கும் மோருக்கும் இடைப்பட்ட வேளையில். சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர் அவர். எந்தப் பெட்டி விமானத்தில் ஏறும், எது தரையிலேயே கிடந்து வாடும் என்பதை அவருடைய ஆள்காட்டி விரல் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. ஆர்க்கிட் பூக்களும் பந்தயக் குதிரைகளும் அந்த விரலுக்குக் கட்டுப்பட்டன. வீட்டுக்கு வந்த பிறகு அந்த விரலுக்கு மின்தூக்கிப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலை வாய்க்கவில்லை.

அழுத்த வைத்தவர் அவருடைய மனைவி நாகம்மா. "போறதுதான் போறீங்க" என்று தொடங்குவது நாகம்மாவின் வழக்கம். அந்த வாக்கியம் எங்கே முடியும் என்பதைக் கடவுளாலும் சொல்ல முடியாது. நாளிதழ் வாங்கக் கீழே இறங்கினால், போறதுதான் போறீங்க, அப்படியே தேக்கா சந்தையில் கொத்தமல்லி. கொத்தமல்லிக்குப் போனால் அப்படியே தேங்காய். தேங்காயோடு திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து புளோக்கில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அவர் நாளிதழைப் பிரிக்கும் நேரத்தில் அதிலிருந்த செய்தியெல்லாம் வரலாறாகியிருக்கும்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது சனிக்கிழமை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலைக் கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "கிளம்புங்க, அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துரலாம்" என்பார் நாகம்மா. அக்கா வைதேகி பொங்கோலில் இருக்கிறார். அக்காவும் தங்கையும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். கூடத்தில் மாசிலாமணி மிஞ்சுவார். அவருக்கு எதிரே சகலை செல்வராஜ் மிஞ்சுவார்.

செல்வராஜ் ஓய்வு பெற்ற காப்புறுதி முகவர். மூச்சு விடாமல் பேசிப் பிழைத்தவர், பிழைப்பை விட்டார், பேச்சை விடவில்லை. அவருக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மகாபாரதத்தைவிட நீளமான அந்த வரலாற்றை அவர் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குவார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க பாருங்க தம்பி, இது எலும்பு, இது எலும்பு இல்ல" என்பார். மதியச் சாப்பாடு வரும்போதுதான் மயக்க மருந்து கொடுக்கும் கட்டம் வரும். அந்த ஊசியைத் தமக்கும் யாராவது போட்டால் தேவலை என்று மாசிலாமணிக்குத் தோன்றும்.

இந்த நிலையில்தான் சமூக மன்றத்தில் ஓய்வுக்கால நேர நிர்வாகம் பற்றி ஓர் உரை நடந்தது. அங்கே குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும் என்பதற்காகப் போனவர், "உங்கள் நேரத்துக்கு நீங்கள்தான் வாயிற்காவலர்" என்ற ஒரே வரியோடு திரும்பினார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஜாலான் புசாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் பள்ளித்தோழர் முகமது இஸ்மாயிலிடம் போய், வரும் சனிக்கிழமை சாங்கிக் கடலோரத்தில் மீன் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டார். மீன் கிடைக்குமா என்று இஸ்மாயில் கேட்டார். கிடைத்தாலும் அது பேசாது என்றார் மாசிலாமணி.

ஆகவே புதன்கிழமை இரவு, மோரை ஊற்றிக்கொண்டே சட்டத்தை வெளியிட்டார். சரக்கு நிலையத்தில் கட்-ஆஃப் என்று ஒன்று உண்டு. அதற்குப் பின் வரும் சரக்கு தங்கமானாலும் அன்றைய விமானத்தில் ஏறாது.

"இனிமே எனக்கு வேலை சொல்லணும்னா முதல் நாள் ராத்திரியே சொல்லிரணும். நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டேன்னா கதவு மூடிருச்சு. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் மறுநாள் ஃப்ளைட்டு."

நாகம்மா குழம்புச் சட்டியை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "இந்தச் சட்டம் எனக்கு மட்டுமா, ரெண்டு பேருக்குமாங்க?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் மாசிலாமணி, நீதிமானின் தோரணையில்.

நாகம்மா சரியென்று தலையசைத்தார். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவர் அந்தத் தலையசைப்பைக் கண்டு நடுங்கியிருக்க வேண்டும். அவரோ கை கழுவப் போனார்.

வியாழக்கிழமை காலை மேசையில் கோப்பி இல்லை. நாகம்மாவின் கையிலிருந்த குவளையில் மட்டும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எனக்குக் கோப்பி?"

"நேத்து ராத்திரி சொல்லலையேங்க."

"கோப்பிக்குக்கூடவா சொல்லணும்?"

"கதவு மூடிருச்சே. நாளைக்கு முதல் ஃப்ளைட்டுல ஏத்திடறேன்."

"அப்ப உன் கையில இருக்கிறது?"

"இது நான் எனக்கு நேத்தே சொல்லி வச்சது."

கீழே கோப்பிக்கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து குளிக்கப் போனார். உடம்பெல்லாம் சோப்பு போய், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபோதுதான் துண்டு எடுத்து வரவில்லை என்பது தெரிந்தது. குரல் கொடுத்தார். துண்டு வெளியே மூங்கில் கழியில் காய்கிறது என்றும், அதற்கும் முன்பதிவு இல்லை என்றும் பதில் வந்தது. கழற்றிப் போட்ட பனியனால் துடைத்துக்கொண்டு வெளியே வந்த காட்சியை விவரிப்பது ஒரு குடும்பத் தலைவரின் மானத்துக்கு நல்லதல்ல.

சட்டத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று நாக்கு துடித்தது. ஆனால் இன்று விட்டுக்கொடுத்தால் சனிக்கிழமை போய்விடும், செல்வராஜின் முழங்கால் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டார். கடிப்பதற்கு வேறொன்றும் அன்று காலை வீட்டில் கிடைக்கவில்லை.

அன்றிரவு அவர் முன்பதிவு செய்த வேகத்தில் நாகம்மாவுக்குச் சோறு பரிமாறக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. கோப்பி, துண்டு, தோசை, தோசைக்குச் சட்னி, மதியம் சோறு, சோற்றுக்குக் குழம்பு, குழம்புக்குள் மீன், இஸ்திரி போட்ட சட்டை என்று மூச்சு வாங்கச் சொன்னார். கடைசியில் குடிக்கத் தண்ணீருக்கும் சொல்லி வைத்தார். "தண்ணிய நீங்களே மோந்துக்கலாம், பரவால்ல" என்று நாகம்மா சலுகை காட்டினார். வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் ராஜாவாக வாழ்ந்தார். ஒரு கொத்தமல்லிக் காம்புக்காகக்கூட அவரை யாரும் கீழே அனுப்பவில்லை. தம் அறிவைத் தாமே மெச்சிக்கொள்வதற்கு மதியம் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடுதான் அவர் வாழ்க்கையிலேயே நீளமானது. வேகமாக விழுங்கினார். புதன்கிழமை சந்தையில் இஸ்மாயிலின் மனைவி ஷபானாவைப் பார்த்ததை நாகம்மா ஆர அமரச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் மாசிலாமணியின் காதில் ஏறவில்லை. திடீரென்று நாகம்மா நிமிர்ந்து, "நாளைக்கு..." என்றார்.

மாசிலாமணியின் தொண்டையில் சோறு நின்றது.

"...மழை வராதுன்னு நினைக்கிறேன்."

எஞ்சிய சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினார். ஒரு தடவைக்கு இரு தடவை சோப்பு போட்டுக் கை கழுவினார். கதவு மூடியது. விமானம் அவருடையது. ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடியே வெற்றிச் செய்தியை அறிவித்தார்: நாளை அவர் பொங்கோலுக்கு வரப்போவதில்லை, இஸ்மாயிலின் வேனில் சாங்கிக்குப் போகிறார், தூண்டிலோடு.

அழுகையோ ஆத்திரமோ வரும் என்று காத்திருந்தார். "போயிட்டு வாங்க. நீங்களும் பாவம், எங்கதான் போறீங்க" என்றார் நாகம்மா. மறுநாள் காலை, யாரும் முன்பதிவு செய்யாத எலுமிச்சைச் சோற்றுப் பையையும் கையில் கொடுத்து அனுப்பினார். பை கனத்தது. தோற்றவர்கள் கப்பம் கட்டுவது உலக வழக்கம் என்று எண்ணி, அதைப் பிரித்துப் பார்க்காமல் ஜாலான் புசாருக்கு நடந்தார். வழியில் விசிலடித்தார் என்பது கூடுதல் தகவல்.

இரும்புக்கடை வாசலில் வேன் தயாராக நின்றது. முன் இருக்கையில், வலது காலை நீட்டிப் போட்டு, தலையில் வட்டத் தொப்பியோடு செல்வராஜ் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க தம்பி. கால மடக்க முடியலை, அதான் முன்னாடி உட்கார்ந்துட்டேன். பின்னாடி உட்கார்ந்தாலும் நான் பேசறது உங்களுக்கு நல்லாவே கேட்கும்."

மாசிலாமணி இஸ்மாயிலை வேனின் மறுபுறத்துக்கு இழுத்துப் போனார். இது என்ன அநியாயம், நேற்றிரவு கை கழுவும்வரை தமக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்றார்.

"உனக்கு எதுக்குடா சொல்லணும்? வேன் என்னுது" என்றார் இஸ்மாயில். "நம்ம பிளான ஷபானாகிட்ட சொன்னேன். அவ நாகம்மா தங்கச்சிகிட்ட சொல்லிட்டா போல. தங்கச்சி புதன்கிழமை ராத்திரியே எனக்கு ஃபோன் போட்டு, அவங்க அத்தானுக்கு ஒரு சீட்டு புக் பண்ணிருச்சு. கட்-ஆஃப், ரூல்ஸ் எல்லாம் ஏதோ சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. சரின்னுட்டேன், லா."

மாசிலாமணி கைப்பேசியை எடுத்தார். மறுமுனையில் நாகம்மா பேசுவதற்கு முன்பே சிரிப்புச் சத்தம் வந்தது. அது வைதேகி அக்காவின் சிரிப்பு. பொங்கோலில் இருக்க வேண்டிய சிரிப்பு அவருடைய சொந்த வீட்டுச் சோபாவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது, நான் உங்களுக்கு ஒரு வேலையும் சொல்லலையே" என்றார் நாகம்மா. "நீங்க மீன் பிடிக்கப் போறீங்க. அத்தானும் மீன் பிடிக்கப் போறார், பையில அவருக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டியிருக்கேன். அவர் ரிட்டயர் ஆனதுலேருந்து அக்கா வீட்ல உட்கார்ந்து நிம்மதியா நாலு வார்த்தை பேச முடியுதா சொல்லுங்க. கதவைச் சாத்தினாலும் அந்த முழங்கால் உள்ள வந்துருது. ஆம்பளைங்களுக்குன்னு ஒரு வேலை வேணும்னு நாங்களும் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தோம். நல்லவேளை, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க."

மாசிலாமணி வேனைப் பார்த்தார். செல்வராஜ் இஸ்மாயிலிடம் எக்ஸ்ரே என்றால் என்ன என்பதை விளக்கத் தொடங்கியிருந்தார். இந்த ஒரு நாள் போகட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அடுத்த சனிக்கிழமையாவது தம்மைத் தனியாக விடும்படி கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

"அதைச் சொல்லத்தாங்க நானும் நினைச்சேன். அடுத்த சனிக்கிழமைக்கு இப்பவே சொல்லிடறேன், நீங்க கை கழுவறதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. அத்தானோட சிநேகிதர் ஜெயரத்தினம் அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. பின்னாடி கொஞ்சம் தாராளமா இடம் விடச் சொல்லுங்க, அவருக்கு ரெண்டு முழங்கால்லயும் ஆபரேஷன்."